பாங்கு விழுந்த கடைசி வரி

எங்கட ராப் ஆல்பத்துல கடைசிப் பாட்டுக்கு கடைசி வரி இல்ல. கேட்டவனுகள் வந்து கொமென்ட்டுல "புரோ, எடிட் பண்ண மறந்துட்டீங்க போல, முடிவுல ஏதோ வொய்ஸ் நோட் ஒண்டு கிடக்கு" எண்டு எழுதுறானுகள். மறக்கல்லடா. அந்த வரி எங்க போன எண்டு எழுதத்தான் இப்ப இருக்கன். ஃபோன்ல வேகமா தட்டுறன், பிழை கிடந்தா நீங்களே திருத்தி வாசிச்சுக்கோங்க.

நாங்க ரெண்டு பேர். நானும் அவனும். கல்முனையில ஒரே ஒழுங்கை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்குப் பலகையில இருந்து ஒரே வாத்தியாரிட்ட அடி வாங்கின ஆக்கள். ஏ லெவலுக்குப் புறகு நான் கேம்பஸ் போனன், அவன் ஆட்டோ ஓடப் போனான். ராப் மட்டும் ரெண்டு பேருக்கும் பொதுவாக் கிடந்திச்சு. நான் பீட் செய்வன், வரி எழுதுவன். அவனும் எழுதுவான், ஆனா அவன்ட முக்கியமான சாமான் குரல். சளி புடிச்ச மாதிரி கொஞ்சம் கரகரப்பு, அதுக்குள்ள ஒரு சிரிப்பு. அவன் ஏசினாலும் கேக்கலாம் போல இரிக்கும்.

கேம்பஸ்ல இருந்து நான் கொண்டு வந்தது எல்லாம் பெரிய பெரிய சொல்லு. கட்டமைப்பு, அதிகாரம், சுரண்டல் எண்டு. என்ட மொத வரிகள வாசிச்சுப் போட்டு அவன் சொன்னான்:

"மச்சான், இத அக்கரைப்பத்து பஸ்ஸுல நிண்டுகிட்டு சொல்லிப் பாரு. நிந்தவூர் வரக்குள்ளேயே கொண்டக்டர் எறக்கி உட்டுருவான்."

அதுதான் எங்களுக்கு சட்டமாப் போச்சு. எந்த வரி எழுதினாலும் பஸ்ஸுல போய் சொல்லிப் பாக்கிறது. உண்மையாத்தான். சனம் நெருக்கிக்கிட்டு நிக்கிற பஸ்ஸுல கம்பியப் புடிச்சுக்கிட்டு அவன் சும்மா என்னோட கதைக்கிற மாதிரி வரியச் சொல்லுவான். பக்கத்துல நிக்கிற ஆள் திரும்பிப் பாத்தா பாஸ். சிரிச்சா டபுள் பாஸ். ஒருக்கா கடல் கரையத் திண்டுக்கிட்டு வாறதப் பத்தின பாட்டுட வரி, "தென்னமரம் தலைகீழா கடலுல சுஜூது செய்யிது" எண்டு அவன் சொல்ல, மீன் கூடையோட நிண்ட வயசான ஒரு காக்கா, "யாருட மகன் நீ? எங்கட தோட்டத்தப் பாத்துட்டா சொல்றாய்?" எண்டு கேட்டாரு. அந்த வரிக்கு நாங்க அதுக்குப் புறகு கை வைக்கல்ல.

ஆல்பம் முழுக்க அப்பிடித்தான். எலக்ஷன் வந்தா மட்டும் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு எங்கட ஒழுங்கைக்கு வழி கண்டு புடிக்கிற ஆக்களுக்கு ஒரு பாட்டு. பசளை இல்லாம சம்மாந்துறை வயல் மஞ்சளாக் கிடந்த போகத்துக்கு ஒரு பாட்டு. கடலுக்கு ஒண்டு. இந்தப் பக்கம் முஸ்லிமும் அந்தப் பக்கம் தமிழ் ஆக்களும் ஒரே தமிழக் கதைச்சுக்கிட்டு ஒருத்தன ஒருத்தன் முறைச்சுப் பாக்கிறதுக்கு ஒண்டு. அதுக்கு எங்களுக்கு ரெண்டு பக்கத்தாலயும் நல்லா ஏச்சு விழுந்திச்சு, அதால அது நல்ல பாட்டு எண்டு நினைக்கன். கடைசிப் பாட்டு வீட்டப் பத்தினது.

வீட்டுக் கதையச் சொல்லாம இது விளங்காது. எங்கட பக்கம் பொம்புளப் புள்ளைக்கு கலியாணம் எண்டா வீடு குடுக்கோணும். வீடு இல்லாட்டி மாப்புள இல்ல. மாப்புள தன்ட உடுப்பு பேக்கத் தூக்கிக்கிட்டு பொண்டாட்டிட வீட்டுக்கு குடி வருவான். வீட்டக் கட்டுறது வாப்பா. வாப்பாக்கு ஏலாட்டி கூடப் பொறந்தவன். அவனுக்கு வாப்பா இல்ல, நாங்க ஓ லெவல் எழுதுற வருசம் மௌத்தாப் போனாரு. மூத்தவ ஒரு ராத்தா இரிக்கா. ராத்தாக்கு வீடு கட்டுற வேலை அவன்ட தலையில.

அவன்ட உம்மாட வளவுல பின் பக்கமா அந்த வீடு எழும்பிக்கிட்டு வந்திச்சு. எழும்பிச்சு எண்டா, செவுரு மட்டும். பூச்சு இல்ல, ஜன்னலுக்கு ஓட்டை மட்டும்தான், கூரையில பாதிக்கு தறப்பாள். ஆட்டோ ஓடி வாற காசு சீமெந்து பேக்கா மாறி, அது ரெண்டு வரி கல்லா மாறி, மறுகா மாதக்கணக்குல ஒண்டும் நடக்காது. அந்த சும்மா கிடந்த மாதங்கள்லதான் அது எங்கட ஸ்டூடியோ.

பின் அறையில மூணு பக்கமும் மெத்தையச் சாத்தி, நடுவுல மைக். எங்கட ஒழுங்கையில கிட்டார், கீபோட் சத்தம் வந்தா பள்ளிவாசலால ஆள் வரும் எண்ட பயத்துல, பீட்ட அந்த வீட்டால எடுத்தம். மேசன்ட கரண்டி கல்லுல இழுபடுற சத்தம், கம்பிய வெட்டுற சத்தம், வெறும் சீமெந்து பேக்க உதறுற சத்தம். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் வேலியால எட்டிப் பாத்து, "மேசன் இல்லாம உள்ளுக்க யாருகா வேல செய்யிற?" எண்டு கேட்டா. அவன் உள்ளால இருந்து, "ஜின் மாமி, சம்பளம் கேக்காது" எண்டான்.

ஜன்னல் இல்லாத வீடு எண்டபடியா எல்லாச் சத்தமும் உள்ளுக்க வரும். ட்ரெக்டர், ஐஸ்கிரீம் வண்டி, காகம், கடல். அதெல்லாம் சமாளிக்கலாம். தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு அப்பிடி இல்ல. எங்களச் சுத்தி நாலு பள்ளி. ஒண்டு முடிய மத்தது தொடங்கும், ஒண்டு நடுவுல இரிக்கக்குள்ள இன்னொண்டு. பாங்கு சொன்னா நிப்பாட்டிருவம். சட்டம் போட்டுக்கிட்டு செஞ்சது இல்ல, வாய் தானா நிண்டுரும். மைக்குக்கு முன்னால நிண்டபடி அவன் பாங்குக்கு பதில் சொல்லுவான், துஆ ஓதுவான், மறுகா "ம், போடு" எண்டுவான். நாலும் முடியிற நேரம் எங்களுக்கு மனப்பாடம். அந்த இடைவெளிகளுக்குள்ளதான் முழு ஆல்பமும் செஞ்சம்.

வீட்டுப் பாட்டு தொடக்கத்துல சரியான காரமா இரிந்திச்சு. சீதனம் கேக்கிற மாப்புளைமாரக் கிழிச்சுத் தொங்கவிட்டிரிந்தம். திரும்பத் திரும்ப வாற ஹூக்கு நான் எழுதினது. எனக்கு அதுல பெருமையெண்டா சொல்ல ஏலாத பெருமை. ராத்தா ஜன்னல் ஓட்டைக்கு வெளிய நிண்டு, முந்தானைய இழுத்து தலையில போட்டுக்கிட்டு, பிளேன்டீ தட்ட உள்ளுக்க நீட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு நிண்டா. பாட்டு முடிஞ்ச உடன:

"முடிஞ்சா?"

"ஓம் ராத்தா. எப்பிடி?"

"நல்லாத்தான் கத்துறீங்க. ஒண்டு கேக்கன். இந்த வீடு யாருட பேருல?"

"உங்கட பேருல."

"நாளைக்கு வாறவன் என்னோட சண்ட புடிச்சா, பேக்கத் தூக்கிக்கிட்டு வெளிய போறது யாரு? அவனா நானா?"

நான் ஒரு பிளேன்டீய எடுத்தன், ராத்தா விடல்ல.

"இந்த உலகத்துல என்ன ஒருத்தனும் வெளிய போ எண்டு சொல்ல ஏலாத இடம் இது ஒண்டுதான்டா. அத உங்கட பாட்டுல எந்த இடத்துல போட்டிரிக்கீங்க?"

நான் கேம்பஸ்ல பெண்களும் சொத்துரிமையும் எண்டு ஒரு அசைன்மென்ட் எழுதி ஏ எடுத்தவன். அந்த நேரம் வாயில ஈ போனாலும் தெரிஞ்சிரிக்காது. அவன் டீயக் குடிச்சுப் போட்டு, "ராத்தா, நீங்க வந்து பாடுங்க, நாங்க டீ ஊத்துறம்" எண்டான். "போடா, எனக்கு மாப்புள வரோணுமா இல்லையா?" எண்டு தட்டப் பறிச்சுக்கிட்டுப் போனா.

அதுக்குப் புறகு அவன் தன்ட வேர்ஸ முழுக்க மாத்தினான். மாப்புளைமாருக்கு ஏசுற வரியெல்லாம் போச்சு. ராத்தா சொன்னத தொடக்கத்துல வெச்சான், முடிவுல இந்த நாலு வரி:

*உம்மாட வீட்டுல பொறந்தன், ராத்தாட வீட்டக் கட்டுறன்,*
*நாளைக்கு ஒருத்தீட கதவுல மாப்புளையாப் போய் முட்டுறன்,*
*சாவி ஒண்டும் என்ட இடுப்புல இல்ல, அது கிடக்கட்டும் விடு,*
*செருப்பக் கழட்டுற வாசல் எது? அதயாவது காட்டிக் குடு.*

பஸ்ஸுல சொல்லிப் பாத்தம். ஒருத்தரும் சிரிக்கல்ல. ஆனா முன் சீட்டுல இருந்த ஒரு ஆள், எங்கட வாப்பா வயசு, காரைதீவுச் சந்தி வரைக்கும் ஜன்னலால வெளிய பாத்துக்கிட்டே வந்தாரு. எறங்கக்குள்ள அவன்ட தோள்ல ஒரு தட்டு தட்டிப் போட்டுப் போனாரு. அப்பிடி ஒரு பாஸ் எங்களுக்கு அதுக்கு முன்னமும் கிடைக்கல்ல, புறகும் இல்ல.

அந்த வேர்ஸ ரெக்கோர்ட் பண்ணின நாள் நல்ல நாள். மேல கரு மேகம், வெக்கை குறைவு, ட்ரெக்டர் ஒண்டும் இல்ல. பின்னேரத்து அசர் பாங்கு நாலு பள்ளியிலயும் முடியும் வரைக்கும் காத்துக்கிட்டு இரிந்தம். மெயின் ரோட்டுப் பக்கம் அந்தக் கிழமைதான் தக்கியா எண்டு ஒரு சின்னப் பள்ளி திறந்தவங்க எண்டது எங்களுக்குத் தெரியாது. நாலாவது முடிஞ்சிச்சு, நான் கையக் காட்டினன், அவன் தொடங்கினான்.

அவன் அப்பிடிப் பாடி நான் கேட்டதில்ல. கண்ண மூடிக்கிட்டு, கத்தாம, பஸ்ஸுல சொன்ன மாதிரியே சொல்லிக்கிட்டுப் போனான். "சாவி ஒண்டும் என்ட இடுப்புல இல்ல" முடிஞ்சு, "செருப்பக் கழட்டுற" எண்டு எடுக்கக்குள்ள, அஞ்சாவது பாங்கு. புது ஸ்பீக்கர், பக்கத்துல நிண்டு சொல்ற மாதிரி. வரி வாயால வெளிய வந்திட்டு, உள்ள இழுக்க ஏலாது. அவன் "காட்டிக் குடு" எண்டு மெதுவா முடிச்சுப் போட்டு, அதே மூச்சுல பாங்குக்கு பதில் சொல்லத் தொடங்கினான். முழுக்க மைக்குல கிடக்கு.

"தொழுதுட்டு வந்து அந்த ஒரு வரிய எடுப்பம் மச்சான்" எண்டான்.

பள்ளியால வெளிய வந்து செருப்புப் போடக்குள்ள வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்ட் அவனுக்கு கோல் எடுத்தான். கத்தாருக்கு விசா வந்திட்டு, டிக்கட் போட்டாச்சு, இண்டைக்கே கொழும்பு பஸ் ஏறோணும். அவன் ஒரு வருசமா காத்துக்கிட்டு இரிந்த கோல் அது. மூஞ்ச பாத்தன், சந்தோசமா கவலையா எண்டு விளங்கல்ல. உம்மாட்டச் சொல்ல ஓடினான். நான் மைக்கக் கழட்ட வந்தன். பஸ் எடுக்கிற நேரம் வரைக்கும் அவன்ட வீடு முழுக்க சாச்சிமாரும் மாமிமாரும். ஒரு வரி பாட எங்களுக்கு ஒரு மூலை கிடைக்கல்ல. பஸ் ஜன்னலால தலைய நீட்டி, "அங்க போய் பாடி அனுப்புறன்டா" எண்டான்.

நான் இருந்து அந்த டேக்கக் கேட்டன். கேட்டன் எண்டா, தேஞ்சு போற மாதிரி. அது மாதிரி ஒண்டு திருப்பி வராது. ஆனா கடைசி வரிக்குக் கீழ பாங்கு கேக்குது. ராப் பாட்டுக்குள்ள பாங்கு வந்தா எங்கட ஊருல என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஊர விடுங்க, எனக்கே மனசு விடாது. சரி, பாங்க எடுப்பம் எண்டு பாத்தன். சத்தத்தப் பிரிக்கிற சொஃப்ட்வெயார் எல்லாம் இறக்கி, அவன்ட குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி ஆகிற வரைக்கும் நோண்டினன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாக்கு உடுப்பு மாத்திக்கிட்டு இருக்கக்குள்ளதான் எனக்கு விளங்கிச்சு. நான் என்னத்தடா செய்யிறன்? பாங்க டிலீட் பண்ற பட்டனத் தேடிக்கிட்டு இரிக்கன். லெப்டொப்ப மூடினன்.

அவன் பாடி அனுப்பல்ல. அங்க லொறி ஓடுறான். ரூமுல கட்டிலுக்கு மேல கட்டில், எந்நேரமும் ஒருத்தன் நித்திர, ஒருத்தன் வீட்டுக்கு வீடியோ கோல், ஒருத்தன் சமைக்கிறான். "இஞ்ச பாடினா அடி விழும்டா" எண்டான். வாற வொய்ஸ் நோட் முழுக்க வேற கதை.

"மச்சான், ஜன்னல் கிறில் வந்திட்டா? ஒருக்கா போய் ஆட்டிப் பாரு."

"மச்சான், பூச்சு வெடிச்சிரிக்கா எண்டு பாரு. ராத்தா சொல்ல மாட்டா, நீ பாரு."

"மச்சான், பின் அறைக்கு ஃபேன் ஹூக்கு வெச்சானுகளா?"

நானும் போய் ஆட்டிப் பாத்தன், வெடிப்புக்கு விரல் வெச்சுப் பாத்தன், ஃபோட்டோ அனுப்பினன். ஒரு நாள் கடுப்புல கேட்டுட்டன்:

"டேய், நான் ராப்பரா, வீட்டு வேல பாக்கிற ஓவசியரா? வரி எங்கடா?"

மறுகா ஒரு நோட்.

"மச்சான், அந்த வரி வருதில்லடா. பாடிப் பாத்தன். பொய் மாதிரி இரிக்கு. அப்ப கேட்டது கோவத்துல. இப்ப நான்தானே அந்த வீட்ட கட்டிக்கிட்டு இரிக்கன். எனக்கு கோவம் இல்ல. பாக்கோணும் போல மட்டும்தான் இரிக்கு."

நான் திரும்பத் திரும்பக் கேட்டன், திரும்பத் திரும்ப ஏசினன், மனசுக்குள்ள.

அவன்ட காசு வர வர வீடு கெதியா முடிஞ்சிச்சு. தறப்பாள் போய் ஓடு வந்திச்சு. எங்கட மெத்தையெல்லாம் தூக்கி வெளிய போட்டு வெயில்ல காயவெச்சாங்க, அதுல ஒண்டு முழுக்க சீமெந்து. ராத்தாக்கு மாப்புள சரி வந்திச்சு, சம்மாந்துறைப் பக்கம், அரிசி மில்லுல கணக்கு வேல, நல்ல மனுசன், கதை குறைவு. கலியாணத்துக்கு அவனுக்கு லீவு குடுக்கல்ல. கதிர இழுக்கிறது, சோத்துச் சகன் தட்டு தூக்கிறது, மாப்புளைக்கு கைய கழுவ தண்ணி ஊத்திறது எல்லாம் நான் செஞ்சன். சனம் என்னப் பாத்து, "தம்பியா?" எண்டு கேக்க, "ஓம், அவன்ட இடத்துக்கு" எண்டு சொல்லிக்கிட்டே சகனத் தூக்கிக்கிட்டு ஓடினன். அவன் வீடியோ கோல்ல இரிந்தான். ஃபோன ஒரு சாச்சி கையில இருந்து இன்னொரு சாச்சி கைக்கு மாத்தி மாத்தி, அவன் கண்டது முழுக்க சீலிங்கும் ஆக்கள்ட தாடையும்தான்.

ரெண்டு நாளைக்குப் புறகு வந்திச்சு அந்த நோட். பத்து செக்கன்ட் கூட இல்ல. லொறிய எங்கயோ ஓரமா நிப்பாட்டி, கண்ணாடி எல்லாம் ஏத்தி, ஏசிய நிப்பாட்டிப் போட்டுத்தான் கதைச்சிரிக்கான், ஒரு சத்தமும் இல்ல. அவன்ட மூச்சு, அந்தக் கரகரப்பு.

"மச்சான்... கதவுக்கு என்ன கலர் அடிச்ச?"

அவ்வளவுதான்.

நான் அத பீட்டுக்கு மேல வெச்சுப் பாத்தன். ஒண்டும் செய்யல்ல, இழுக்கல்ல, வெட்டல்ல. "அது கிடக்கட்டும் விடு" முடிய, மேசன்ட கரண்டி ஒருக்கா இழுபட, அவன் கேக்கான். கதவுக்கு என்ன கலர் அடிச்ச? பீட் நிக்குது. ஆல்பம் முடியுது. எனக்கு அழுக வந்திச்சு எண்டு எழுதினா அவன் வாசிச்சுப் போட்டு சிரிப்பான், அதால எழுதல்ல.

கோல் எடுத்துக் கேட்டன், "இதப் போடவா?"

அவனுக்குப் பின்னால வாகனங்கள் ஹோர்ன் அடிக்கிறது கேட்டுது.

"பஸ்ஸுல சொல்லிப் பாத்தியா?"

"இல்ல."

"சொல்லிப் பாரு."

போனன். கம்பியப் புடிச்சுக்கிட்டு, தனிய. என்னோட கதைக்க ஆள் இல்ல, அதால ஃபோன காதுல வெச்சுக்கிட்டு கோல் கதைக்கிற மாதிரி, "மச்சான், கதவுக்கு என்ன கலர் அடிச்ச?" எண்டன். பக்கத்துல நிண்ட வயசான ஒரு உம்மா, கையில மரக்கறி பேக், திரும்பிப் பாத்து, "ஆள் வெளிநாட்டுலயா இரிக்காரு, மகன்?" எண்டு கேட்டா. நான் ஓம் எண்டு தலையாட்டினன். நிந்தவூர்ல எறங்கி, கடக்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்து போட்டு, அவனுக்கு மெசேஜ் போட்டன். பாஸ்.

ஆல்பம் வெளிய வந்திச்சு. பெரிய வெடி ஒண்டும் வெடிக்கல்ல. கொஞ்சப் பேர் புகழ்ந்தாங்க, கொஞ்சப் பேர் "தொழுற வயசுல இது என்னத்துக்கு" எண்டாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே மேடையில ஏறி அந்தப் பாட்டுகள ஒருக்காலும் பாடினதில்ல. ரெண்டு இடத்தால கூப்பிட்டாங்க. தனியப் போய் அவன்ட பங்கையும் சேத்துப் பாட எனக்கு வாய் வரல்ல, மாட்டன் எண்டுட்டன்.

ராத்தாக்கு பாட்ட நான்தான் போய் போட்டுக் காட்டினன். முன் மண்டபத்துல இருந்தம். மச்சான், ராத்தாட மாப்புள, மில்லுக்குப் போயிரிந்தாரு, அவங்கட உம்மா பக்கத்துல கிழங்கு சீவிக்கிட்டு இரிந்தா. எங்கட பின் அறைக்கு இப்ப கதவு, கண்ணாடி ஜன்னல், திரை, சீலிங். நான் வந்து இருந்து கொஞ்ச நேரத்துல அசர் ஆச்சு, அஞ்சு பள்ளியிலயும் பாங்கு சொல்லியிரிப்பாங்க. எங்கயோ தூரத்துல சொல்ற மாதிரி லேசாத்தான் கேட்டுது. ரெக்கோர்ட் பண்ண சோக்கான வீடு இப்பதான்.

பாங்கு முடியட்டும் எண்டு இருந்து பாட்டப் போட்டன். ராத்தா முழுக்கக் கேட்டா. தான் சொன்ன இடம் வரக்குள்ள சிரிச்சா. கடைசிக் கேள்விக்கு சிரிக்கல்ல. அண்டைக்கு அந்த வரிய அவன் பாடக்குள்ளயும் அவ ஜன்னல் ஓட்டைக்கு வெளியதான் நிண்டா. செருப்புட வரி அவக்குத் தெரியும்.

"அத எடுத்திட்டீங்களா?" எண்டா.

"ஓம்."

எழும்பிப் போய் வாசல் கதவ ஒருக்கா தடவிப் பாத்தா, பெயின்ட் காஞ்சு எவ்வளவோ நாளாகியும்.

"நீலம் எண்டு சொல்லு அவனுக்கு. கடல் நீலம் இல்ல, நம்மட பழைய பள்ளிக்கூடத்து ஜன்னல் நீலம். மறுகா, அவன் வந்தா செருப்பக் கழட்டாம உள்ளுக்க வரச் சொல்லு. மண்ண நான் கூட்டிக்குவன்."

உம்மா கிழங்கு சீவுறத நிப்பாட்டல்ல. "அதுக்கு முதல்ல வரோணுமே" எண்டா.

நீலம் எண்டத அண்டைக்கே சொல்லிட்டன். ஃபோட்டோ அனுப்பவா எண்டு கேட்டன், வேணாம், வந்து பாக்கிறன் எண்டான். ராத்தா சொன்ன மத்தத இன்னும் வாயால சொல்லல்ல, இதுல வாசிச்சாலும் வாசிப்பான். வொய்ஸ் நோட்டுல அனுப்புற சாமான் இல்ல அது. வாசல்ல அவன் குனியக்குள்ள பின்னால நிண்டு நான் சொல்லோணும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாறன் எண்டுறான். எந்த வருசத்து ஹஜ்ஜு எண்டு நான் கேக்கல்ல.